வேலை பிடித்திருக்கிறதா, ஆலை பிடித்திருக்கிறதா?

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் அரவைக் காலத்தில் பயணம் செய்தவர்களுக்கு நெல்லிக்குப்பம் வந்துவிட்டதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் தெரியும் முன்பே பாகு காயும் வாடை பஸ்ஸுக்குள் வந்துவிடும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் எதிரெதிரே சைக்கிளிலும் பைக்கிலும் தலையாட்டிக்கொண்டு போவார்கள். அவர்களில் யாரையாவது நிறுத்தி "எத்தனை வருஷமா வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால், இருபது, முப்பது என்று பதில் வருவது இப்படிப்பட்ட ஊர்களில் வியப்பல்ல.

முப்பது வருடம் ஒரே இடத்தில் இருந்தார் என்றால் அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று பொருளா? அந்த நிறுவனத்தின் மேல் பற்று இருந்தது என்று பொருளா? இல்லை, வேறு போக்கிடம் இல்லை என்பதுதான் பொருளா? மேலாண்மைப் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு நேர்க்கோடு போட்டிருப்பார்கள். ஊழியருக்குத் திருப்தி வந்தால் நிறுவனத்தின் மேல் பற்று வரும், பற்று வந்தால் விட்டுப் போகமாட்டார், நன்றாக உழைப்பார் என்று. பரீட்சையில் எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் ஒரு சர்க்கரை ஆலை ஊரை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை.

பேச்சுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தில் ஆலை ஊர்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்றில் அந்த வீடு இருக்கட்டும். அப்பா ஆலையில் நிரந்தரத் தொழிலாளி, பான்மேன். அண்ணன் அதே ஆலையில் காண்ட்ராக்ட். தங்கை சிதம்பரத்தில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. அவளுக்கு புராஜெக்ட் செய்ய வேண்டும். தலைப்பு என்னவாக இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். 'ஊழியர்களின் வேலைத் திருப்தியும் நிறுவனப் பற்றும்' என்பது எம்.பி.ஏ. மாணவர்கள் தேய்த்துத் தேய்த்துப் பழுப்பேறிப்போன தலைப்பு. வினாத்தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருகிறாள். முதல் இரண்டு தாள்களும் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா!

அந்த வீட்டுக்குப் பிறகு வருவோம். அதற்கு முன் நெல்லிக்குப்பத்தைப் பற்றிக் கொஞ்சம்.

தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் 1788-ல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கினார். சென்னையில் பாரிமுனை என்று நாம் சொல்வது அவர் பெயரைத்தான். அந்த வியாபார வழியில் வந்த ஈ.ஐ.டி. பாரி நிறுவனம், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் தொடக்கத்தை 1842 என்று கணக்கு வைத்திருக்கிறது. இந்தியாவின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளில் ஒன்று இது. பெயரில் உள்ள ஈ.ஐ.டி. என்பது ஈஸ்ட் இண்டியா டிஸ்டிலரீஸ் என்பதன் சுருக்கம். 1897-ல் உருவான கம்பெனி அது. வெள்ளைக்காரர்கள் கையிலிருந்து பல மாற்றங்கள் கண்டு 1981-ல் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏழெட்டுத் தலைமுறைகளின் காலம். இத்தனை காலமாக ஓர் ஊருக்கு ஓர் ஆலை பக்கத்தில் இருந்தால், அது வேலை செய்யும் இடம் என்ற எல்லையைத் தாண்டிவிடும். "பாரியில் வேலை" என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் விளக்கம் கேட்கமாட்டார்கள். பெண் பார்க்கப் போகும்போதுகூட அது ஒரு முகவரி.

இனி வரையறைகள். சலிப்பாக இருந்தாலும் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வேலைத் திருப்தி என்பது, ஒருவர் தம் வேலையை எடைபோட்டுப் பார்க்கும்போது அவருக்குள் உண்டாகும் இதமான மனநிலை என்கிற கருத்தில் எட்வின் லாக் 1976-ல் எழுதினார். நிறுவனப் பற்று என்பது வேறு. அந்த நிறுவனத்தின் நோக்கங்களை ஏற்றுக்கொள்வது, அதற்காகக் கூடுதலாக உழைக்க முன்வருவது, அதில் தொடர்ந்து இருக்க விரும்புவது என்று மவுடே, ஸ்டியர்ஸ், போர்ட்டர் மூவரும் 1979-ல் 15 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலைச் செய்து தந்தார்கள். உலகம் முழுக்க எம்.பி.ஏ. மாணவர்கள் படியெடுப்பது பெரும்பாலும் அதைத்தான். ஒன்று வேலையைப் பற்றியது, மற்றொன்று வேலை தரும் இடத்தைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் பான்மேனைப் பார்த்தாலே போதும்.

கரும்பிலிருந்து பிழிந்த சாற்றைச் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் விட்டுத் தெளியவைத்து, நீரை ஆவியாக்கிக் கெட்டியாக்குவார்கள். அந்தக் கெட்டிச் சாறு கடைசியில் வந்து சேரும் பெரிய கொப்பரைக்குப் பெயர்தான் பான். அதற்குள் காற்றழுத்தத்தைக் குறைத்திருப்பார்கள். அதனால் 100 டிகிரிக்கு வெகுவாகக் கீழேயே பாகு கொதிக்கும், சர்க்கரை கருகாது. பாகு சரியான செறிவுக்கு வந்த நொடியில் நுண்ணிய சர்க்கரைத் தூளை விதையாக விட வேண்டும். அந்த விதைகளின் மேல் சர்க்கரை படிந்து படிந்து மணி வளரும். அவசரப்பட்டுச் செறிவை ஏற்றிவிட்டால், விதைக்காத இடத்திலெல்லாம் தானாகவே பொடி மணிகள் பிறந்துவிடும். பெரிய மணியும் பொடி மணியும் கலந்த பாகைச் சுழல் இயந்திரத்தில் போட்டால் ஒழுங்காகப் பிரியாது. செறிவு இறங்கிவிட்டாலோ போட்ட விதையும் கரைந்து போகும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் பல மணி நேரம் ஒரு பானை ஓட்டிக் கொண்டுபோக வேண்டும்.

இதற்கெல்லாம் இப்போது மீட்டர்கள் வந்துவிட்டன. இருந்தாலும் பழகிய பான்மேன் கொஞ்சம் பாகை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். மணி ஒரே சீராக, விளிம்பு கூராக, பளபளவென்று இருந்தால் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். அது போனஸ் கொடுத்து வாங்க முடியாத நிறைவு. ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-ல் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு, சம்பளம், மேற்பார்வை, வேலைச்சூழல் போன்றவை சரியில்லை என்றால் அதிருப்தி வரும், ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டும் திருப்தி வந்துவிடாது என்றார். திருப்தி, செய்கிற காரியத்திலிருந்தும் அதில் கிடைக்கும் சாதனையிலிருந்தும் வருவது. அவர் ஆராய்ந்த முறையைப் பிறகு பலர் குறை சொல்லியிருக்கிறார்கள். என்றாலும் பான்மேன் விஷயத்தில் அவர் சொன்னது தப்பவில்லை.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பான்மேனின் திருப்தி மணியில் இருக்கிறது. அந்த மணி இந்த ஆலையில்தான் வளரும் என்றில்லை. சேத்தியாத்தோப்புக் கூட்டுறவு ஆலையிலும் வளரும், கர்நாடகத்தில் ஓர் ஆலையிலும் வளரும். இந்தியச் சர்க்கரைத் தொழில்நுட்பர்கள் கென்யா, உகாண்டா ஆலைகளுக்குப் போய் வேலை பார்ப்பதும் புதிய செய்தியல்ல. அதாவது தொழிலில் திருப்தி கூடக்கூட ஒருவர் நிறுவனத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கைத்தொழில் இருக்கிறது என்ற தைரியத்தில் கிளம்பிப் போகவும் அது காரணமாகலாம். ஆல்வின் கோல்ட்னர் என்ற சமூகவியலாளர் 1957-லேயே ஊழியர்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தார். தம் திறமைக்கு விசுவாசமாக இருக்கிறவர்கள் ஒரு வகை. தம் நிறுவனத்துக்கு விசுவாசமாக இருக்கிறவர்கள் இன்னொரு வகை. ஆலையில் இந்த இரண்டு வகை மனிதரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்பார்கள், மேலதிகாரி கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிவார்கள்.

நம் பான்மேன் எங்கும் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி.

இதற்கு உதவுவது ஜான் மேயர், நடாலி ஆலன் இருவரும் 1991-ல் சொன்ன பகுப்பு. நிறுவனப் பற்று என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று சரடுகள் இருக்கின்றன என்றார்கள். ஒன்று, மனம் ஒட்டியிருப்பதால் இருப்பது. இரண்டாவது, விட்டால் நஷ்டம் என்பதால் இருப்பது. மூன்றாவது, இருப்பதுதான் முறை என்ற கடமை உணர்வால் இருப்பது. சுருக்கமாக, இருக்க ஆசை, இருந்தாக வேண்டிய நிலை, இருக்கக் கடமை. ஒரே ஆளிடம் மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும்.

இரண்டாவது சரடைப் பற்றி ஹவார்ட் பெக்கர் 1960-லேயே எழுதியிருந்தார். ஒருவர் ஓரிடத்தில் இருக்க இருக்க, அவர் அறியாமலே பல பந்தயங்களை அங்கே கட்டிவிடுகிறார். விட்டுப் போனால் அத்தனையும் போகும். ஆலையில் இது வெறும் தத்துவமாக இல்லாமல் ரூபாய்க் கணக்காகவே இருக்கும். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று வகுத்தது. ஆண்டு முழுக்க வேலையில்லாத பருவத் தொழிலாளிக்குப் பருவத்துக்கு 7 நாள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு கல் சேர்கிறது. இருபது கல் சேர்ந்த பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு யார் போவார்கள்?

சர்க்கரைத் தொழிலுக்கே உரிய இன்னொரு ஏற்பாடும் உண்டு. கரும்பு வெட்டிய பிறகு காத்திருக்காது; நேரம் ஆக ஆக எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ஒரு நாளுக்குள் அரைத்துவிட்டால் நல்லது. ஆகவே அரவைக் காலத்தில் ஆலை இரவு பகல் ஓடும், அரவை முடிந்ததும் அடங்கிவிடும். பருவத் தொழிலாளிகளுக்கு அப்போது வேலை இல்லை. ஆனால் அடுத்த அரவைக்கு அவர்கள் திரும்பி வர வேண்டும். அதற்காக, வேலை இல்லாத மாதங்களுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கைத் தரும் வழக்கம் சர்க்கரைத் தொழிலில் ஏற்பட்டது. தக்கவைப்புப் படி என்று சொல்லலாம். கைத்திறன் கூடினால் அந்தப் பங்கும் கூடும். அரவை தொடங்கும் நாளில் வந்து நிற்காதவருக்கு அது கிடைக்காது. நிறுவனப் பற்று என்று பேராசிரியர்கள் அளவுகோல் தேடிக்கொண்டிருக்க, சர்க்கரைத் தொழில் அதற்கு விலையே போட்டு வைத்திருக்கிறது பாருங்கள்!

கரும்பு விவசாயியின் நிலையும் இதில் கொஞ்சம் ஒத்துப்போகிறது. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, இன்ன பகுதிக் கரும்பு இன்ன ஆலைக்கு என்று ஒதுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. பதிவு செய்து, வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து, அதே ஆலைக்கு ஆண்டாண்டாக அனுப்பும் விவசாயியைப் பார்த்து "இவருக்கு ஆலை மேல் எவ்வளவு பற்று" என்று யாராவது சொன்னால் அவரே சிரித்துவிடுவார். ஊழியர் விஷயத்தில் மட்டும் நாம் அப்படிச் சிரிப்பதில்லை. நீண்ட நாள் இருந்தவருக்குக் கைக்கடிகாரம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

இந்த மூன்று சரடுகளும் வேலைத் திருப்தியோடு எப்படிச் சேர்கின்றன என்பதற்கு எண்களே இருக்கின்றன. 2002-ல் மேயரும் அவருடைய கூட்டாளிகளும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகக் கணக்கிட்டார்கள். இரண்டு அளவுகள் முழுக்கச் சேர்ந்தே போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0. வேலைத் திருப்திக்கும் மனம் ஒட்டிய பற்றுக்கும் இடையே 0.65 வந்தது. சமூக ஆய்வுகளில் இது பெரிய எண். கடமையால் வரும் பற்றோடு 0.31. விட்டால் நஷ்டம் என்ற பற்றோடு -0.07. அதாவது ஏறக்குறைய பூஜ்யம், அதுவும் பூஜ்யத்துக்குக் கீழே. வேலை பிடிக்கிறதோ இல்லையோ, நஷ்டக் கணக்குப் பார்த்து இருக்கிறவர் இருந்துகொண்டே இருப்பார்! ராஜினாமாக் கடிதங்கள் குறைந்திருப்பதைக் காட்டி "எங்கள் ஊழியர்கள் திருப்தியாக இருக்கிறார்கள்" என்று எந்த மேலாளராவது சொன்னால், அவர் இந்த மூன்றாவது எண்ணைப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் எண் அவ்வளவு பெரியதாக இருப்பதால் திருப்திதான் பற்றைத் தருகிறது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் முடியாது. சேர்ந்து போவது வேறு, ஒன்றை மற்றொன்று உண்டாக்குவது வேறு. பேட்மேன், ஸ்ட்ராஸர் இருவரும் 1984-ல் செவிலியர் பிரிவு ஊழியர்களைக் கால இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்து பார்த்து, பற்றுதான் முன்னே வருகிறது, திருப்தி பின்னே வருகிறது என்றார்கள். 1986-ல் வேறொரு குழு அதைச் சோதித்து, எந்தத் திசையிலும் காரணத் தொடர்பு தெரியவில்லை என்றது. அறிஞர்கள் சண்டை இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆலை ஊர்க்காரர்களைக் கேட்டால், பற்று முன்னே வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை என்பார்கள். ஆலைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்துப் பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளை, அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய் கேட்டில் கொடுத்த பிள்ளை, தீபாவளி போனஸ் எத்தனை சதவீதம் என்று வீட்டில் நடந்த பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே புதுச் சட்டைக்குக் கணக்குப் போட்ட பிள்ளை (சட்டப்படி குறைந்தது 8.33, அதிகம் போனால் 20, அந்த இடைவெளியில்தான் தீபாவளியின் தரம் இருக்கிறது) பதினெட்டு வயதில் அந்த ஆலைக்குள் நுழையும்போது அதற்கு வேலை என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் ஆலை ஏற்கெனவே மனதுக்குள் இருக்கிறது. திருப்தியோ அதிருப்தியோ வேலை பழகப் பழகத்தான் வரும். வெளியூரிலிருந்து ஐந்து கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்த்து வந்து சேரும் பொறியாளருக்கு இது தலைகீழ். ஒரே வினாத்தாளை இருவருக்கும் கொடுத்துச் சராசரி எடுத்தால் யாருக்கும் பொருந்தாத ஒரு மனிதர்தான் கிடைப்பார்.

சரி, அந்த 'நிறுவனம்' என்பதாவது நிலையான ஒன்றா? நெல்லிக்குப்பத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. சர்க்கரை ஆலையைத் தவிர மிட்டாய்த் தொழிற்சாலையும் அந்த ஊரில்தான் இருந்தது. 'காபி பைட்', 'லாக்டோ கிங்' சாப்பிடாமல் வளர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அந்தப் பாரீஸ் மிட்டாய்க் கம்பெனியை 2004-ல் தென்கொரியாவின் லோட்டே நிறுவனம் வாங்கியது. அதே ஊர், அதே பாகு, அதே ரேப்பர் சுற்றும் மெஷின். காலையில் கேட்டைத் தாண்டிப் போகிறவருக்கு வேலையில் ஒன்றும் மாறவில்லை, வேலைத் திருப்தி அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் பற்று யார் மேல் இருந்ததோ அந்தப் பெயர் மாறிவிட்டது. தாத்தா காலத்திலிருந்து சொல்லிவந்த பெயர் போய், நாக்கில் புதிதாகப் பழக்க வேண்டிய ஒரு கொரியப் பெயர். பற்று பெயரின் மேலா, கட்டடத்தின் மேலா, பக்கத்தில் நிற்கும் கூட்டாளியின் மேலா என்பது அப்படி ஒரு நாளில்தான் ஒருவருக்கே தெரியவரும் போலும்.

இன்னும் கொஞ்சம் தெற்கே, நெய்வேலிக்குப் போனால் இது வேறு உருவத்தில் தெரியும். 2013-ல் மத்திய அரசு என்.எல்.சி.யின் 5 சதவீதப் பங்குகளை விற்க முடிவு செய்தபோது, ஜூலை மாதம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள உயர்வு அதில் கோரிக்கை அல்ல. கம்பெனி யாருடையதாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சம்பளத்தை இழந்து வெளியே நின்றார்கள். கடைசியில் 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழ்நாடு அரசின் ஐந்து நிறுவனங்களே வாங்கிக்கொள்வது என்று முடிந்தது. 2006-லும் இதே மாதிரி ஒரு பங்கு விற்பனை முயற்சி எதிர்ப்பால் நின்றது. அதே தொழிலாளர்களிடம் கேன்டீனைப் பற்றியோ, பதவி உயர்வைப் பற்றியோ, மேலதிகாரியைப் பற்றியோ கேட்டிருந்தால் திருப்தி அளவுகோலில் என்ன மதிப்பெண் போட்டிருப்பார்கள்? குறை சொல்லியிருப்பார்கள், கட்டாயம் சொல்லியிருப்பார்கள். வீட்டைப் பற்றித் தினமும் குறை சொல்கிறவர்தான் வீட்டை விற்கிறார்கள் என்றதும் முதலில் எழுந்து நிற்பார். அதில் வேலைப் பாதுகாப்புப் பற்றிய பயமும் இருந்தது என்பது உண்மை. ஆனால் பயத்தையும் பற்றையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்கும் சென்ட்ரிபியூகல் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சிதம்பரத்தில் நடந்தது இதற்கு எதிர்ப்பக்கம். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பெரும் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, தமிழ்நாடு அரசு 2013-ல் சட்டம் இயற்றி அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேல் இருந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் பிற ஊர்களிலுள்ள அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பணிநிரவல் செய்யப்பட்டார்கள். பெயர் இருப்பது சிதம்பரத்தில், நாற்காலி இருப்பது வேறு மாவட்டத்தில். தேரோடும் வீதியில் வீடு கட்டிக் குடியிருந்தவர், தமக்குப் பழக்கமே இல்லாத ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறார். அவருக்கு வேலை போகவில்லை. சில இடங்களில் புதிய வேலை பழையதைவிட நன்றாகவே இருந்திருக்கலாம். அவரிடம் பற்று வினாத்தாளைக் கொடுத்தால் எந்த நிறுவனத்தை மனதில் வைத்துக்கொண்டு நிரப்புவார்?

இந்தக் கேள்வியோடு அந்த வீட்டுக்குத் திரும்பலாம். தங்கையின் வினாத்தாளில் மொத்தம் 35 கேள்விகள். வேலைத் திருப்திக்கு 20, பற்றுக்கு 15. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் இருபதில் பாதிக்கு மேல் முகத்தைச் சுளித்துக்கொண்டே டிக் அடித்தார். மேற்பார்வை, சம்பளம், முன்னேற்ற வாய்ப்பு எல்லாவற்றிலும் இடது பக்கத்துக் கட்டங்கள். திறமையைப் பயன்படுத்த வாய்ப்பு என்ற இடத்தில் மட்டும் பேனா வலது ஓரத்துக்குப் போனது. பற்றுப் பகுதி வந்ததும் பதினைந்தையும் யோசிக்காமல் வலது பக்கம் அடித்துத் தள்ளிவிட்டார்.

"என்னப்பா, மேல எல்லாம் குறை சொல்லிட்டு, கீழ இப்படிப் போட்டிருக்கீங்க? கணக்கு ஒத்து வராதே" என்றாள்.

"அது நமக்குள்ள. வெளியில கேட்டா ஆலையை விட்டுக்கொடுக்க முடியுமா?"

"நான் வெளியாளாப்பா?"

"நீ இல்ல. தாளு காலேஜுக்குப் போவுதுல்ல."

அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. வினாத்தாளில் அதற்கு இடமும் இல்லை. கடமைப் பற்று என்று மேயரும் ஆலனும் மூன்றாவதாக வைத்தது இதைத்தான் என்று அவளுடைய புத்தகத்திலேயே இருந்தது, ஆனால் அவள் எடுத்து வந்த அளவுகோல் அதற்கு முந்தியது.

அண்ணன் இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்து தாளை வாங்கினான். பாய்லருக்குச் சக்கை போகும் கன்வேயரில் அவனுக்கு வேலை. சக்கை ஈரமாக வந்தால் நீராவி இறங்கும், நீராவி இறங்கினால் ஆலையே இறங்கும். கையால் ஒரு பிடி பிசைந்து பார்த்தே ஈரம் சொல்லும் பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது. நிரந்தரத் தொழிலாளிகளே "தம்பி, பாத்துச் சொல்லு" என்று கூப்பிடுவார்கள். வேலைத் திருப்திக் கேள்விகளில் சம்பளத்தையும் நிரந்தரத்தையும் தவிர மற்றதெல்லாம் அப்பாவைவிட மேலாகவே டிக் அடித்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கைக்கே வியப்பு.

பக்கத்தைத் திருப்பினான். முதல் வாக்கியத்தைப் படித்தான். மறுபடி படித்தான்.

"பாப்பா, இதுல எல்லாத்துலயும் 'இந்த நிறுவனம்', 'இந்த நிறுவனம்'னு போட்டிருக்கியே, அது யாரு?"

"ஆலைதாண்ணா. வேற யாரு?"

"ஆலைக்கு என் பேரு தெரியாதே. எனக்குச் சம்பளம் போடுறது காண்ட்ராக்டர். கார்டுல அவரு பேருதான் இருக்கு. அவருக்கு ஆபீஸ்கூட இங்க கிடையாது. போன வருஷம் வேற ஆளு, அடுத்த வருஷம் டெண்டர்ல வேற ஆளு வருவாரு. அவரு மேல எனக்குப் பற்று இருக்கான்னா கேக்குற?"

"இல்லண்ணா, நீ ஆலையை நினைச்சுக்கிட்டே போடு."

"நான் நினைச்சுக்குவேன்" என்றான். "ஆலை என்னை நினைச்சுக்குமா?"

தங்கை பதில் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, பதினைந்து கேள்விகளுக்கும் நடுக்கட்டத்தில், கருத்து இல்லை என்ற இடத்தில், ஒரே நேர்க்கோட்டில் டிக் அடித்துக் கொடுத்தான். அப்படி ஒரே மாதிரி நிரப்பிய தாள்களை ஆய்வில் சேர்க்கக்கூடாது, எடுத்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் அந்தத் தாளைத் தனியாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.